ராட்டினத்தின் கீழே ஒரு பெஞ்சு

என் விசிட்டிங் கார்டில் 'லாஜிஸ்டிக்ஸ்' என்று இருப்பதைப் படிப்பவர்கள், நான் ஏதோ ராணுவத் தளவாடங்களை எல்லைக்கு அனுப்புகிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பிவண்டி கோடவுனிலிருந்து புறப்பட்ட அட்டைப்பெட்டி எங்கே கிடக்கிறது என்று போனில் கத்துகிறவர்களுக்கு, "வந்துகொண்டே இருக்கிறது சார்" என்று சொல்வதுதான் என் வேலை. பதினெட்டு வருடமாகச் சொல்கிறேன். பெட்டிகளும் பதினெட்டு வருடமாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. இந்தத் தகுதி ஒன்றை நம்பித்தான் நடக்க முடியாத அம்மாவைத் தீம் பார்க்குக்கு அழைத்துப்போகத் திட்டம் போட உட்கார்ந்தேன்.

விஷயம் மண்டலில் ஆரம்பித்தது. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்துக்கென்று ஒரு மண்டல் உண்டு. கணபதிக்குப் பந்தல் போடுவதும், குழாயில் தண்ணீர் வராவிட்டால் வார்டு ஆபீசில் போய்ச் சத்தம் போடுவதும், வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து எல்லாரையும் பிக்னிக் கூட்டிப்போவதும் அதன் பொறுப்பு. பிக்னிக் என்றால் நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தப் பார்க்தான். வேறு இடம் போகலாம் என்று யாராவது சொன்னால் சண்டை வரும்.

அம்மா ஒரு பிக்னிக்கையும் விட்டதில்லை. அங்கே அவளுக்கு ஒரு நிரந்தரப் பதவி இருந்தது. ஐம்பது பேரும் தண்ணீரில் குதிக்கவும் ரோலர் கோஸ்டர் ரயிலில் கத்தவும் ஓடும்போது, அவர்களுடைய பைகள், செருப்புகள், மூக்குக்கண்ணாடிகள், ஒரு வருடம் ஒரு பெரியவரின் பல்செட் எல்லாம் அம்மாவிடம் வந்து சேரும். பார்க்கின் நடுவில் பெரிய ராட்டினத்துக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் ராட்டினம் தெரியும் என்பதால் அந்த இடம். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை அம்மா அங்கே உட்கார்ந்திருப்பாள். ஒரு கர்ச்சீப்கூடத் தொலைந்ததில்லை.

அவள் முட்டி போனது வேறு உட்காரலால். தைத்து வந்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிக் கொடுக்கும் வேலை அவளுக்கு. தாகா கட்டிங் என்பார்கள். முப்பது வருடம் தரையில் சம்மணம் போட்டு வெட்டியதில் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. இப்போது கட்டிலில் உட்கார்ந்து வெட்டுகிறாள். எழுந்தால் வாக்கர். வாக்கர் பிடித்துச் சந்து முனைவரை போகலாம், அதற்கு மேல் இல்லை.

இந்த வருடம் மண்டல் போர்டில் ஒட்டிய பிக்னிக் லிஸ்டில் அம்மா பெயர் இல்லை. என் பெயர் இருந்தது, மனைவி பெயர் இருந்தது, எங்களுக்கு நடுவில் அம்மா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு இருந்தது. செயலாளர் தையல் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், அம்மாவிடம் நூல் வெட்டக் கொடுப்பவரும் அவரே. கேட்டதற்கு, "அண்ணே, நல்லதுக்குத்தான். பெரியம்மாவுக்கு எதுக்குக் கஷ்டம்? பஸ்ல ஏறணும், எறங்கணும். பைய வேற யாராவது பாத்துக்கிடுவாவ" என்றார்.

அம்மா இரண்டு நாள் குனிந்த தலையோடு நூல் வெட்டினாள். மூன்றாம் நாள் சட்டைக் காலரில் ஒரு நூலைத் தேவைக்கு அதிகமான வேகத்தில் வெட்டிவிட்டுச் சொன்னாள்:

"பேர வெட்டிட்டானுவ, பாத்தியா?"

"நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேம்மா. நாம தனியா போவோம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிலிண்டரை நானே மாற்றுகிறேன் என்று சொல்லும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

நானும் மனைவியும் இந்த வருடப் பிக்னிக்குக்குப் போகவில்லை. போனவர்கள் இரண்டு பைகளையும் ஒற்றைச் செருப்பு ஒன்றையும் தொலைத்துவிட்டு வந்தார்கள். சந்தில் பெரிய சண்டை. அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முழுச் சண்டையையும் கேட்டாள். செயலாளர் எங்கள் வாசலைக் கடந்தபோது, "பைக்கு ஆள் கெடைக்கலயோ?" என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தாள்.

நான் எக்ஸெல் ஷீட் திறந்தேன். எங்கள் ஆபீசில் கண்ணாடிச் சாமான் அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது. எத்தனை இடத்தில் கைமாறும், எங்கே வெயில், எங்கே மேடு பள்ளம், எங்கே இறக்கி வைக்கலாம் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். அதையே எடுத்து, 'சரக்கு' என்ற இடத்தில் 'அம்மா' என்று மாற்றினேன். பார்க்குக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் நல்லவள். வீல்சேர் உண்டா, உண்டு. சரிவுப்பாதை உண்டா, உண்டு. கழிப்பறை வாசலில் படி உண்டா? கைப்பிடி எந்தப் பக்கம்? பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் எவ்வளவு தூரம்? மதியம் ஒரு மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும்? நிழல் கேள்விக்குப் பிறகு அவள், "சார், நீங்க பார்க்க வாங்கப் போறீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

வீட்டிலிருந்து கார்வரைக்கும் ஒரு வீல்சேர் வேண்டுமே என்று தோன்றியது. சயானில் ஒரு மருந்துக் கடையில் வாடகைக்கு எடுத்து வந்தேன். அம்மாவை உட்கார வைக்கும் முன் நான் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பதுதான் முறை என்று, சந்து முனையிலிருந்து வீட்டை நோக்கி நானே உருட்டிக்கொண்டு வந்தேன். பிறந்ததிலிருந்து நடக்கிற சந்து. அது எவ்வளவு அகலம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மூன்றாவது வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் சக்கரம் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. டிரம் வீட்டு அக்கா வெளியே வந்து, "அய்யய்யோ, தம்பிக்குக் காலு போச்சா?" என்று கூவினாள். அரை நிமிடத்தில் கூட்டம். எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க எழுந்திருக்கலாம் என்றால், எழுந்திருக்க இடம் இல்லை. நான்கு பேர் என்னைத் தூக்கி எடுத்தார்கள். அம்மா வாசல்படியில் வாக்கரைப் பிடித்து நின்று பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஏலே, என்னைய நடத்திக் கூட்டிட்டுப் போ. அதுக்குள்ள நீ செத்துருவ போலிருக்கு."

சந்து முனைவரை வாக்கர், அங்கிருந்து வாடகைக் கார், பார்க் வாசலில் அவர்களுடைய வீல்சேர். திட்டம் ஒருவழியாக முடிந்தது. கூட்டம் வராத வாரநாளாகப் பார்த்து லீவும் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து லேப்டாப்பைத் திறந்து வரிசையாகப் படித்தேன். பத்தேகால், முதல் பெஞ்சு, நிழல். பதினொன்று, கழிப்பறை, கைப்பிடி வலப்பக்கம். பதினொன்றரை, இரண்டாவது பெஞ்சு, ஃபேன் உண்டு. பன்னிரண்டே முக்கால், சாப்பாடு. இரண்டு மணி, ராட்டினத்துக்குக் கீழே, அவளுடைய பழைய பெஞ்சு. மனைவிகூடத் தலையாட்டினாள். கல்யாணமாகி நான் செய்த ஒரு காரியத்துக்கு அவள் தலையாட்டியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை.

அம்மா கத்தரியை மடியில் வைத்தாள்.

"எல்லாம் நல்லாத்தாம்லே இருக்கு. நான் எதுல ஏறுதேன்?"

நான் ஷீட்டை மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். ஆறு பெஞ்சு இருந்தது. நான்கு கழிப்பறை இருந்தது. அவள் ஏறுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு பெட்டியை ஆறு இடத்தில் பத்திரமாக இறக்கிவைத்து, உடையாமல் திருப்பிக் கொண்டுவரத்தான் நான் அத்தனை மெனக்கெட்டிருந்தேன்.

"நீ எதுலயும் ஏறுனதே இல்லையேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

"பைய யாரு பாக்கது? அதான் ஏறல." கொஞ்ச நேரம் மடியில் கிடந்த சட்டையைத் தடவினாள். "அந்த ராட்டு இருக்குல்லா, கூண்டுக்கு அடியில வெறும் கம்பி வலைதான். வருசா வருசம் அதுக்கு அடியில உக்காந்து, எல்லாருக்க உள்ளங்காலையும் பாத்தாச்சு. செருப்புக்கு அடியப் பாத்தே யாருன்னு சொல்லிருவேன். உங்கப்பன் செருப்புல ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கும். உன் ஷூவுல பபிள்கம் ஒட்டியிருக்கும். மேல போனா என்ன தெரியும்னு ஒரு தடவ பாக்கணும். அம்புட்டுதான்."

அப்பா போய் ஆறு வருடமாகிறது. என் ஷூவுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது.

மறுநாள் பார்க்குக்கு மறுபடி போன். அதே பெண். என் குரலைக் கேட்டதும், "நிழல் சார்" என்றாள். ராட்டினத்தில் ஒரு விதி இருந்தது. பாதுகாப்புக்காக யாரையும் தூக்கி உட்காரவைக்கக் கூடாது, தானாக ஏறி உட்கார்ந்து, தானாக இறங்க வேண்டும். ஒரு கூண்டு மேடையில் இருபது, இருபத்தைந்து வினாடி நிற்கும்.

இதை அம்மாவிடம் சோகமான முகத்தோடு சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதி என்பதை மறைக்க மாட்டேன். உயரம் என்றால் எனக்கு ஆகாது. எங்கள் வீட்டு மாடி ஏணியில் பாதிக்கு மேல் நான் கீழே பார்க்கமாட்டேன்.

அம்மா கேட்டாள்: "சயான்ல வண்டி எம்புட்டு நேரம்லே நிக்கும்?"

"லோக்கல் ரயிலா? அது... அதே அளவுதான். இருபது செகண்ட்."

"ஒரு கையில நீ. ஒரு கையில துணி மூட்டை. பின்னாடி இருந்து நாலு பேரு தள்ளுதாவ. தெனம் சயான்ல ஏறி குர்லாவுல எறங்கல நானு? இதுல தள்ளுததுக்குக்கூட ஆள் இல்ல. சும்மா காலி பீலி பயங்காட்டாத."

டாக்டரிடம் கேட்டோம். பிரஷர் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார். முட்டிக்குத்தான் வயசாகியிருக்கிறது, உட்கார்ந்து சுற்றிவர ஒன்றும் பயமில்லை என்றார். பிசியோதெரபி செய்ய வரும் பெண், ஏறும்போது எந்தக் கால் முதலில், இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்று கற்றுக்கொடுத்தாள். ஏறும்போது நல்ல கால். அம்மாவுக்கு நல்ல கால் என்று ஒன்று இல்லாததால், இடது காலுக்கு அந்தப் பதவி கொடுக்கப்பட்டது.

ஒத்திகை கட்டிலில் நடந்தது. கூண்டின் தரை மேடையைவிட எவ்வளவு உயரம் என்று போனில் கேட்டு, அந்த உயரத்துக்கு ஒரு பலகை போட்டேன். கட்டில் விளிம்பு கூண்டின் சீட். மாடி ஏணியின் கம்பி, பிடித்துக்கொள்ளும் கம்பி. மனைவி போனில் வினாடி பார்த்தாள். முதல் நாள் ஐம்பத்தொரு வினாடி.

"வண்டி போயிருச்சு அத்தை" என்றாள் மனைவி.

"அடுத்த வண்டி வரும்ட்டி" என்றாள் அம்மா.

நான்கு நாள் அப்படியே போனது. நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒரு நாள் நான் லோக்கல் ரயிலில் வரும் அறிவிப்புப் பெண்ணின் குரலில், மூக்கால், மராட்டியில், "புடீல் ஸ்டேஷன், சயான்" என்றேன், அடுத்த ஸ்டேஷன் சயான் என்று. கேலிக்குத்தான் சொன்னேன். அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. முந்தானையை இடுப்பில் செருகினாள். கம்பியைப் பிடித்தாள், இடது கால் பலகையில், ஒரு தள்ளு, கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்து மூன்று வினாடி.

"இன்னொரு தடவ சொல்லுலே."

அதிலிருந்து தினம் காலை ஆபீஸ் போகும் முன் பத்து முறை அறிவிப்புச் செய்தேன். எங்கள் சுவர்கள் மெல்லிய தகரம். மூன்றாம் வாரம் ஒரு நாள் நான் தூங்கிவிட்டபோது, பக்கத்து வீட்டிலிருந்து யாரோ, "புடீல் ஸ்டேஷன் வரலியே இன்னைக்கு?" என்று கேட்டார்கள். அன்று இருபத்திரண்டு வினாடி.

பார்க்குக்குப் போன நாளில் என் திட்டத்தில் முதல் ஓட்டை வாசலிலேயே தெரிந்தது. வாரநாளில் கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டவன், வாரநாளில்தான் பள்ளிக்கூடங்கள் சுற்றுலா வரும் என்பதை யோசிக்கவில்லை. நான்கு பஸ் நின்றது. என் நிழல் பெஞ்சுகள் எல்லாவற்றிலும் தண்ணீர் பாட்டில்களும் பிள்ளைகளும். அம்மா வீல்சேரில் அவர்களைத் தாண்டிப் போனபோது எல்லாரும் கையாட்டினார்கள். அவளும் இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே போனாள். பின்னால் தள்ளிக்கொண்டு போன என்னை அவளுடைய டிரைவர் என்று நினைத்திருப்பார்கள்.

ராட்டினத்துக்கு நேரே போனோம், வரிசை நகர்ந்து எங்கள் முறை வரவே பன்னிரண்டு தாண்டிவிட்டது. சரிவில் ஏற்றி மேடையில் நிறுத்தினேன். இயக்குகிறவர் தொப்பி போட்ட மராட்டி இளைஞர். விதியை ஒருமுறை சொல்லிவிட்டு, கூண்டை நேராக அம்மாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். எங்களுக்குப் பின்னால் ஒரு வகுப்பே வரிசையில் நின்றது.

அம்மா எழுந்தாள். கம்பியைப் பிடித்தாள். கூண்டு லேசாக ஆடியது. எங்கள் கட்டில் ஆடாது. இடது காலைத் தூக்கினாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். நான் மனசுக்குள் எண்ணினேன். இருபது போனது. முப்பது போனது.

"ரெஹ்னே தோ மௌசி" என்றார் இயக்குகிறவர், விட்டுவிடுங்கள் என்று, மெதுவாகத்தான் சொன்னார். அம்மா வீல்சேரில் திரும்ப உட்கார்ந்தாள். காலிக் கூண்டு மேலே போனது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிஸ்டில் பெயர் இல்லாத அந்த இரண்டு நாள் இருந்த முகம்.

"பரவாயில்லம்மா. ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்றேன் நான். கோழை பேசுகிற பேச்சு எனக்கு எப்போதும் சட்டென்று வரும்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஸ்டேஷன் பேரு சொல்லலியே."

"எம்மா, இங்கேயா? இத்தன பேரு நிக்காவ..."

"பேரு சொல்லாம எவ ஏறுவா?"

மனைவி என் விலாவில் ஒரு இடி கொடுத்தாள். இயக்குகிறவரிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கி, அடுத்த கூண்டை நிறுத்தினார். நாற்பத்தாறு வயது, முன்பக்கம் தொப்பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில். நான் மூக்கைச் சுருக்கி, அந்தப் பெண் குரலில், மேடை முழுக்கக் கேட்கும்படி கூவினேன்:

"புடீல் ஸ்டேஷன்... சயான்!"

பிறகு வரிசையில் நின்ற வகுப்பு முழுவதும், மும்பைப் பிள்ளைகள் அல்லவா, ஒரே மூக்கால் திருப்பிச் சொன்னது: "நெக்ஸ்ட் ஸ்டேஷன், சயான்!"

அம்மா முந்தானையைச் செருகினாள். கம்பி, இடது கால், ஒரு தள்ளு. உட்கார்ந்துவிட்டாள். எத்தனை வினாடி என்று நான் எண்ணவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். மனைவி தாவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் இடம் இருந்தது. நான் ஒரு காலை எடுத்து வைத்தேன், கூண்டு ஆடியது, காலை எடுத்துவிட்டேன்.

"அவன் வரமாட்டான்" என்று அம்மா இயக்குகிறவரிடம் தமிழிலேயே சொன்னாள். பிறகு என்னிடம்: "நீ பையப் பாத்துக்க."

சிமெண்ட் பெஞ்சு அதே இடத்தில் இருந்தது. எங்கள் நான்கு பைகளையும் வைத்து உட்கார்ந்து மேலே பார்த்தேன். ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது. உள்ளங்கால்கள் வந்தன, போயின. பள்ளிக்கூட ஷூக்கள், பட்டை அறுந்த ஒரு செருப்பு. பிறகு அம்மா. வழுக்காத அடி வேண்டும் என்று அவளுக்காகவே தேடி வாங்கிய வெள்ளைக் கான்வாஸ் ஷூ. அதன் அடியில் விலை எழுதிய ஸ்டிக்கரை உரிக்க மறந்திருந்தேன். அவள் கால்கள் தொங்கவில்லை, ஆடவில்லை. ஒன்றோடொன்று சேர்த்து, வண்டியில் இடம் கிடைத்தவள் உட்காருவதுபோல அடக்கமாக இருந்தன. மேலே போகப் போக ஸ்டிக்கர் சின்னதாகிக்கொண்டே போனது. எனக்குக் கழுத்து வலித்தது. வேறு எங்கும் பார்க்கத் தோன்றவில்லை.

"அங்கிள், இதைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?" என்று ஒரு பெண் ஹிந்தியில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு பையை வைத்துவிட்டு ஓடினாள். அதைப் பார்த்து ஒரு குடும்பம் இரண்டு பைகளும் ஒரு குடையும் வைத்தது. அப்புறம் ஒரு டீச்சர். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ தெரியவில்லை.

அம்மா இறங்குவதற்கும் பிள்ளைகள் குரல் கொடுத்தார்கள். மனைவி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மாவின் முடி காற்றில் கலைந்திருந்தது. அதைச் சரிசெய்யவே இல்லை.

"என்னம்மா தெரிஞ்சுது மேல இருந்து?"

"மலை தெரிஞ்சுது. ரோடு தெரிஞ்சுது. உன் உச்சந்தலையில வழுக்கை தெரிஞ்சுது. நல்லா வட்டமா."

"நான் அப்பவே சொன்னேன் அத்தை" என்றாள் மனைவி. "நம்பமாட்டேன்னுட்டாவ."

அம்மா பெஞ்சைப் பார்த்தாள். பார்வை பையிலிருந்து பைக்குத் தாவியது. "நம்மது நாலுதானே? எட்டு இருக்கு. ஒரு குடை."

"யார் யாரோ வச்சிட்டுப் போயிட்டாங்கம்மா. வா, சாப்பிடப் போவோம். பன்னிரண்டே முக்கால் ஆச்சு."

"வச்சவிய வார வரைக்கும் எந்திரிக்கப்பிடாது. நீ இரு." அவள் மனைவியின் கையைத் தட்டினாள். "ஏட்டி, திருப்பு வண்டிய. இன்னொரு தடவ போயிட்டு வருவோம்."

நான்கு அடி போனதும் வீல்சேர் நின்றது. அம்மா தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லணும், என்ன? இந்த வாட்டி குர்லா."

நான் குடையைப் பைகளுக்கு நடுவில் செருகிவிட்டு, வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு காத்திருந்தேன்.